மூன்றாவது சுற்று

பட்டறையின் மூலையில் ஆட்கள் ஏறி நிற்கும் தராசு ஒன்று பல வருடங்களாக இருந்தது. அக்கா ஒருநாளும் அதன்மேல் ஏறியதில்லை. காலையில் வந்ததும் கைப்பையை அதன்மேல் வைப்பாள். முள் ஆடி நிற்பதைக்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அது தராசுகளைப் பழுது பார்த்துச் சரிபார்க்கும் பட்டறை. பழக்கடைத் தராசு, பார்சல் ஆபீஸ் தராசு, நகைக்கடைகளின் கண்ணாடிக் கூண்டு வைத்த தராசு என்று எல்லாம் அங்கே வரும். நகைக்கடைத் தராசுகள் அக்காவின் பொறுப்பு. சின்னச் சின்ன எடைக்கற்களை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். விரல் பட்டால் விரலின் பிசுக்கும் எடையில் சேர்ந்துவிடும். கல்லைத் தட்டில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எண் ஓடும், தயங்கும், கொஞ்சம் பின்வாங்கும், பிறகு நிற்கும். நின்ற பிறகு தெரிவதுதான் எடை. அவசரப்படும் கடைக்காரர்களிடம் அவள் சொல்வாள்: "நிக்கட்டுங்க. அது என்ன பஸ்ஸா, ஓடிப் பிடிக்க?"

முதலாளியிலிருந்து பார்சல் வண்டிக்காரர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். தம்பிக்கு மட்டும் அவள் 'குண்டு'.

அவன் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தபோது அவள் குச்சி போல இருந்தாள். அதனால்தான் அந்தப் பெயர். நாற்பதைத் தாண்டிய பிறகு பெயருக்கு ஏற்ற உடம்பு வந்து சேர்ந்தது. யாரையும் கேட்டுக்கொண்டு வரவில்லை. முதலில் வளையல் இறுகியது. பிறகு ரவிக்கையின் கைகளைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. மாதவிலக்கு நின்ற வருடத்தில் இடுப்பு என்று ஒன்று இருந்த இடம் தெரியாமல் போயிற்று. சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்தாள், நடந்து பார்த்தாள், பிறகு சிரித்துப் பழகிக்கொண்டாள். யாராவது சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது அவள் கண்டுபிடித்த வழி. "நான் உக்காந்தா அப்புறம் இந்த சோபாவுல வேற யாரும் உக்கார முடியாது, முதல்ல நீங்க உக்காருங்க" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். குளியலறைக் கண்ணாடியில் மட்டும் கழுத்துக்குக் கீழே பார்ப்பதை விட்டுவிட்டாள்.

அந்த உடம்பால் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் தம்பி மகள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த பெண். அத்தை வந்தால் போதும், செருப்பைக் கழற்றுவதற்குள் மடிக்கு இடம் பிடித்துவிடுவாள். "அத்தை மடி மெத்து மெத்துன்னு இருக்கு. அம்மா மடி பெஞ்சு மாதிரி" என்பாள். தம்பி மனைவி, "இருக்கட்டும்டி, சாப்பாட்டுக்கும் அங்கேயே போ" என்பாள்.

தம்பி கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். பீடி, சிகரெட், குடி எதுவும் கிடையாது. அவனுக்குக் கல்லீரல் கெட்டுப்போனது என்றதும் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உடம்பே உடம்பைத் தின்கிற நோய் என்று டாக்டர் சொன்னதை யாரும் நம்பவில்லை. அவன் மஞ்சளாகிப்போன கண்ணைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, "இந்த மஞ்சளை நான் எந்த வண்டிக்கும் அடிச்சதில்ல, குண்டு. புது கலர்" என்றான்.

வேறொருவரின் கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி வைத்தால்தான் பிழைப்பான் என்று ஆயிற்று. வெட்டிக் கொடுத்தவருக்கும் அது திரும்ப வளர்ந்துவிடும். தம்பி மனைவியின் ரத்தம் சேரவில்லை. அக்காவின் ரத்தம் சேர்ந்தது. ஆஸ்பத்திரி நடையில் தம்பி மனைவி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்று இரவு அக்கா நிம்மதியாகத் தூங்கினாள்.

ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். அவளைவிட வயதில் சின்னவள் அந்த டாக்டர். படத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"உங்க கல்லீரல் முழுக்கக் கொழுப்பு படிஞ்சிருக்கும்மா. இதை வெட்டினா உங்களுக்கும் ஆபத்து. வெச்சா அவருக்கும் வேலை செய்யாது."

அக்கா எப்போதும் போல ஏதாவது சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள்.

"இளைச்சா சரியாகுமா டாக்டர்?"

"ஆகும். கல்லீரல்ல இருக்கிற கொழுப்புதான் முதல்ல கரையும். ஒரு பத்து கிலோ குறைங்க. ஆனா மெதுவா. மூணு மாசம் எடுத்துக்கலாம், அதுவரை அவரை நாங்க பாத்துக்கறோம். பட்டினி மட்டும் கிடக்கக் கூடாது. புரியுதா? பட்டினி கிடந்தா கல்லீரல் வீங்கிடும்."

"புரியுது" என்றாள். புரியவும் செய்தது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அவள் வயிற்றைப் பார்த்தான்.

"அப்போ என் உயிரு உன் தொப்பையில மாட்டிக்கிட்டு இருக்கு, குண்டு" என்றான். "எப்படியாவது எடுத்துக் குடுத்துடு."

தம்பி மனைவி அவனை அடிக்கக் கை ஓங்கினாள். அக்கா சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மறுநாள் காலையில் பட்டறையில் யாரும் வருவதற்கு முன் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தராசின்மேல் ஏறினாள். முள் நிற்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

சர்க்கரை போயிற்று. வறுத்தது, பொரித்தது போயிற்று. டீக்கு இருந்த பிஸ்கட் போனதுதான் அவளுக்குப் பெரிய இழப்பு. பட்டறையில் டீ வரும்போது எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். அவரும் சேர்ந்து கீரையும் முட்டையும் தின்றார். "ஏம்மா, நீ உன் தம்பிக்கு ஈரல் தர்றே. நான் யாருக்கு என்ன தரப்போறேன்னு இந்தப் புல்லைத் திங்கறேன்?" என்று கேட்டபடியே தின்றார்.

மாலையில் வேலை முடிந்ததும் தம்பி வீட்டுக்குப் போவாள். அவர்கள் இருந்தது நான்கு கட்டடங்கள் சேர்ந்த ஒரு குடியிருப்பு. கட்டடங்களைச் சுற்றி ஒரு சிமென்ட் பாதை போகும். தண்ணீர்த் தொட்டி, சைக்கிள் நிறுத்துமிடம், குப்பைத் தொட்டி என்று வளைந்து மறுபடி தம்பி வீட்டுப் பால்கனிக்குக் கீழே வந்து சேரும். அக்கா நடப்பாள். தம்பி, தன் மகளை மடியில் வைத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்து சுற்றுகளை எண்ணுவான்.

"ஒண்ணு" என்று மேலேயிருந்து குரல் வரும். அடுத்த முறை, "ரெண்டு." அதற்கடுத்த முறை, "நாலு."

"டேய், மூணுடா."

"நாலுதான். நீ குனிஞ்சு நடந்தே, உனக்குத் தெரியலை."

"அப்பா, மூணு எங்க போச்சு?" என்று மகள் கேட்பாள்.

"மூணை அத்தை தின்னுட்டா. அதான் இளைக்க மாட்டேங்கிறா."

அவள் மூச்சு வாங்குவது மேலே வரை கேட்டிருக்க வேண்டும். தன் உயிருக்காக ஒருத்தி நடக்கும் நடையில் ஒரு சுற்றைத் தள்ளுபடி செய்கிறவனை என்ன செய்வது? அக்கா அவன் எண்ணி முடித்த பிறகு, பஸ்ஸுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பின்பக்கமாக இன்னொரு சுற்று நடந்துவிட்டுத்தான் போவாள்.

முதல் மாதம் முடிந்தபோது முகம் இறங்கியது. அடுத்த மாதத்தில் ஒருநாள் குளித்துவிட்டுத் துடைத்துக்கொள்ளும்போது தோளுக்குக் கீழே கையில் எலும்பு தட்டுப்பட்டது. இந்த எலும்பு இன்னும் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பெட்டியின் அடியில் கிடந்த பழைய நீல ரவிக்கையை எடுத்துப் போட்டாள். கொக்கி மாட்டியது. கண்ணாடி முன்னால் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினாள். எதற்காக இளைக்கிறோம் என்பதே ஒரு நிமிடம் மறந்துவிட்டது. நினைவு வந்ததும் ரவிக்கையைக் கழற்றி, சுருட்டி, உள்ளே வைத்துவிட்டாள்.

பட்டறையிலிருந்து ஒரு தராசைத் தம்பி வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தாள். ஒருநாள் அவள் இறங்கியதும் அவனும் ஏறினான். கையும் காலும் குச்சியாகி, வயிற்றில் மட்டும் நீர் கோத்து முட்டிக்கொண்டிருந்தது. எண் நின்றது. போன மாதத்தைவிட அதிகம்.

"நீ இறக்கி வைக்கிறதை எல்லாம் நான் ஏத்திக்கிறேன் போலிருக்கு" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. தராசை அக்கா கட்டிலுக்குக் கீழே தள்ளினாள்.

அதற்குப் பிறகு அவன் பால்கனிக்கு வருவது குறைந்தது. மகள் மட்டும் நின்று எண்ணினாள். அவள் சரியாகவே எண்ணினாள். ஒருநாள் அக்கா மேலே போனபோது அவன் கட்டிலில் உட்கார்ந்து அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். "நீங்க யாரைப் பாக்க வந்தீங்க?" என்று மரியாதையாகக் கேட்டான். விளையாடுகிறான் என்று நினைத்து, "கடன்காரி, வட்டி வாங்க வந்தேன்" என்றாள். அவன் தலையை ஆட்டினான். "என் மிஸஸ் கடைக்குப் போயிருக்காங்க. உக்காருங்க" என்றான்.

கல்லீரல் வடிகட்டாத விஷம் மூளைக்கு ஏறினால் இப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னாள். மருந்து கொடுத்தார்கள். இரண்டு நாளில் தெளிந்துவிட்டான், குண்டு என்று கூப்பிட்டான். ஆனால் அக்காவின் பயம் தெளியவில்லை. இன்னும் மூன்று கிலோ பாக்கி இருந்தது, ஒரு மாதமும் பாக்கி இருந்தது. அந்த ஒரு மாதம் இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று கிலோ தன் கையில் இருந்தது.

சாப்பிடுவதை நிறுத்தினாள். வீட்டுக்காரர் கட்டிக்கொடுத்த மதியச் சாப்பாட்டைப் பட்டறையில் வெல்டிங் செய்பவரின் டப்பாவில் போட்டுவிட்டாள். "வயிறு சரியில்ல அண்ணே." இரவில், பட்டறையிலேயே ஆயிற்று என்றாள். வெறும் டீ, வெள்ளரிக்காய், தண்ணீர். டாக்டர் சொன்னது மறக்கவில்லை. எண் நிற்கிற இடத்தில் நின்றுவிட்டால் மற்றதெல்லாம் தானாக நேராகிவிடும் என்று நம்பினாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் நம்பியது எண்ணைத்தான். ஒருநாள் எடைக்கல்லை எடுக்கும்போது இடுக்கி நழுவி, கல் கீழே விழுந்து உருண்டது. முதலாளி குனிந்து எடுத்துக் கொடுத்து, "சாப்பிட்டீங்களாக்கா?" என்றார். "ஓ" என்றாள்.

மாதம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே முள் அந்த எண்ணுக்கு வந்தது. வேலையை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்கேனை முன்னாலேயே எடுத்துவிடலாம், ஆபரேஷனையும் முன்னால் வைத்துவிடலாம் என்றாள். டாக்டர் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு முதலில் ரத்தத்தைக் கொடுக்கச் சொன்னாள்.

மாலையில் முடிவு வந்தது. டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னம்மா செஞ்சீங்க?"

அக்கா கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கொழுப்பு குறைஞ்சிருக்கலாம். ஆனா கல்லீரல் இப்போ வீங்கியிருக்கு. இந்த நிலைமையில உங்களை மேசையில படுக்க வைக்க முடியாது. சாப்பிடுங்க. ஒரு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம், தேதி போட்டுத் தர்றேன்."

தம்பி அப்போது அதே ஆஸ்பத்திரியின் மேல் மாடியில், வயிற்று நீரை எடுப்பதற்காகச் சேர்க்கப்பட்டிருந்தான். அக்கா படியேறிப் போய் அவன் கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி மனைவி ஜன்னலருகே துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது.

தம்பி கட்டிலில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஊருக்கெல்லாம் நிக்கட்டும் நிக்கட்டும்னு சொல்லுவே" என்றான். பிறகு, "எனக்கு வெச்ச சாப்பாடு அப்படியே இருக்கு. எடு" என்றான்.

"உனக்குடா."

"எனக்கு இறங்கலை. நீ சாப்பிடு, நான் பாக்கறேன்."

தட்டில் ஆறிப்போன கஞ்சியும் ஒரு வாழைப்பழமும் இருந்தன. அக்கா நின்றுகொண்டே சாப்பிட்டாள். அவன் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிக் கரண்டிக்கு, "ம், நல்ல பொண்ணு" என்றான். அது அவன் தன் மகளிடம் சொல்கிற வார்த்தை.

அந்த வாரமே வயிற்று நீரில் கிருமி சேர்ந்தது. காய்ச்சல் வந்தது. அவனைத் தீவிர சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பிறகு வெளியே வந்து சொன்னார்கள்.

ஆபரேஷனுக்குத் தேதி வைத்திருந்தாலும் அதற்கு முன்பே இந்தக் கிருமி வந்திருக்கலாம், யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள் டாக்டர். அக்காவின் தோளில் கை வைத்துத்தான் சொன்னாள். வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். நிற்காத தராசின் எண்போல அது அக்காவுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீடு காலியான அன்று, அடுக்களையில் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தம்பி மனைவி சொன்னாள்:

"நீங்க சாப்பிட்டிருக்கலாம், அண்ணி."

குரலில் கோபம் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த பாத்திரத்தை எடுத்தாள். அக்காவும் துடைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

பட்டறைக்குப் போனாள். துக்கம் கேட்பவர்கள் கேட்டு முடித்தார்கள். ஆனால் மாதக்கணக்கில் வராத கடைக்காரர்களுக்கு விஷயம் தெரியாது. நகைக்கடை மேனேஜர் வாசலிலேயே நின்று, "அக்கா, நீங்கதானா? அடையாளமே தெரியலை. பத்து வயசு குறைஞ்சுட்டீங்க. என்ன ரகசியம், என் வீட்டம்மாவுக்குச் சொல்லுங்க" என்றார்.

வெல்டிங் அண்ணன் கையை ஆட்டி அவரை நிறுத்தப் பார்த்தார். அக்கா தராசின் தட்டை மேனேஜர் பக்கம் திருப்பினாள்.

"நடந்தேங்க" என்றாள். "சாயங்காலத்துல."

பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நாளைக்கு ஸ்கேனுக்குத் தேதி, வெறும் வயிற்றோடு வாருங்கள் என்றாள் ஒரு பெண். அந்தத் தேதியை நீக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அக்கா, "வேண்டாம், அவன்" என்று ஆரம்பித்தாள். பிறகு, "வர்றேன்" என்றாள்.

"எதுக்கும்மா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். மறுநாள் அவர் பஸ்ஸை வேறொருவரிடம் விட்டுவிட்டு உடன் வந்தார்.

ஸ்கேன் எடுத்தவர் புது ஆள். நடந்தது ஒன்றும் தெரியாதவர். திரையைப் பார்த்துவிட்டு உற்சாகமாகச் சொன்னார்: "அருமையா இருக்கும்மா. கொழுப்பே இல்ல, வீக்கமும் போயிடுச்சு. கஷ்டப்பட்டிருப்பீங்க. தாராளமா குடுக்கலாம்."

அக்கா படுத்தபடியே தலையாட்டினாள். வயிற்றில் தடவிய பசை சில்லென்று இருந்தது. அதைத் துடைக்கக் கொடுத்த காகிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டுக்காரர் எழுந்தார். "குடுக்கலாமாம்" என்றாள். அவர் அந்தக் காகிதத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் பாதி தூரம் வந்ததும், "நான் இங்க இறங்கிக்கறேன்" என்றாள். அது தம்பி வீட்டு நிறுத்தம்.

கதவைத் திறந்தது தம்பி மனைவி. இரண்டு பேரும் நிலைப்படியில் நின்றார்கள்.

"கல்லீரல் சரியாயிடுச்சாம்" என்றாள் அக்கா. "இன்னிக்குப் போய்ப் பாத்தேன்."

தம்பி மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. பிறகு கதவை விட்டு நகர்ந்தாள்.

"வெறும் வயித்தோடதானே வந்திருப்பீங்க. உள்ள வாங்க."

தட்டில் சோறும் பருப்பும் வைத்தாள். எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். அக்கா சாப்பிட்டாள். தட்டு காலியானதும் தம்பி மனைவி கேட்காமல் இன்னொரு கரண்டி போட்டாள், அதையும் சாப்பிட்டாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து மகள் வந்தாள். பையை வீசிவிட்டு வழக்கம்போல மடியில் ஏறினாள். நெளிந்தாள். இந்தப் பக்கம் நகர்ந்தாள், அந்தப் பக்கம் நகர்ந்தாள்.

"அத்தை, உன் மடி குத்துது."

"ஆமாண்டி."

"அம்மா மடி மாதிரி ஆயிடுச்சு."

அவள் இறங்கி உள்ளே ஓடி ஒரு தலையணையோடு வந்தாள். தம்பியின் தலையணை. உறையில் அவன் தைலத்தின் வாசனை இன்னும் போகவில்லை. அதை அத்தையின் மடியில் போட்டுத் தட்டிவிட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அக்கா அசையாமல் இருந்தாள். தம்பி மனைவி எழுந்து அடுக்களைக்குள் போனாள். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

வெயில் இறங்கியது. மகளுக்கு ஏதோ நினைவு வந்தது.

"அத்தை, இன்னிக்கு நடக்கலையா?"

"எதுக்குடி நடக்கணும் இனிமே?"

குழந்தை பால்கனியைப் பார்த்தாள். "நான் எண்ணணுமே" என்றாள்.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். தண்ணீர்த் தொட்டி, சைக்கிள்கள், குப்பைத் தொட்டி. இப்போது மூச்சு வாங்கவில்லை. கால்கள் இருப்பதே தெரியாத அளவுக்கு உடம்பு லேசாக இருந்தது. அந்த லேசு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கால்கள் நடந்தன. பால்கனிக்குக் கீழே வந்தபோது மேலே இரண்டு கம்பிகளுக்கு நடுவில் சின்ன முகம் தெரிந்தது.

"ஒண்ணு" என்றது குரல்.

அடுத்த முறை, "ரெண்டு."

அதற்கடுத்த முறை வந்தபோது சத்தம் இல்லை. அக்கா நின்று அண்ணாந்து பார்த்தாள். மகள் கம்பியைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், ஈரக் கையோடு, அவள் அம்மா வந்து நின்றிருந்தாள்.

"அத்தை, சரியா எண்ணவா? அப்பா மாதிரி எண்ணவா?"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் அக்கா நகர்வதற்காகக் காத்து நின்றார். அவள் ஓரமாக ஒதுங்கினாள். அவர் போகும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சரியாவே எண்ணும்மா" என்றாள்.

"மூணு" என்றாள் குழந்தை.

அக்கா நடந்தாள்.